கோல் காத்த ஆறுமுகம்

புறப்பொருள் இலக்கணம் கற்றோர் உழிஞை, நொச்சி என்னும் இரு திணைகளை அறிவர். பகைவர் மதிலை வளைத்து முற்றுவது உழிஞை. முற்றப்பட்ட மதிலை உள்ளிருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியம் இவ்விரண்டையும் உழிஞையுள் அடக்கிற்று. புறப்பொருள் வெண்பாமாலையோ நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்தது. மதில் கொள்வோன் வீரம் வேறு, மதில் காப்போன் வீரம் வேறு என்பதை இப்பகுப்பு நமக்கு உணர்த்துகிறது.

காற்பந்தாட்டத்திலும் இவ்வேறுபாடு உண்டு. கோல் அடித்தவன் பெயர் மறுநாள் எல்லார் வாயிலும் வழங்கும். கோல் காவலன் பெயரோ, அவன் தவறிய நாளில்தான் பெரும்பாலும் பேசப்படும். அவ்வாறின்றி, காத்தமையாலேயே புகழ் பெற்ற தமிழர் ஒருவர் மலேசியாவில் வாழ்ந்தார். அவரே ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று வழங்கிற்று. சிலாங்கூர் மாநிலக் குழுவின் கோல் காவலராக விளங்கிய அவர், 1973 முதல் நாட்டுக் குழுவிலும் இடம் பெற்றார். இரசிகர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'ஸ்பைடர்மேன்'; அஃதாவது, சிலந்தி மனிதன். அவருடைய நீண்ட கைகளே அப்பெயருக்குக் காரணம்.

அக்கைகளின் பயனை அறிய, கோலின் அளவை நோக்குதல் வேண்டும். இரு கம்பங்களுக்கும் இடையே உள்ள அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் நிற்கும் ஒருவர் இருபுறமும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் காத்தாக வேண்டும். தண்ட உதையின்போது பந்து 11 மீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. வலிமையாக உதைத்த பந்து கோலைச் சேர அரை நொடியே ஆகும். பந்து புறப்பட்ட பின்னர் எண்ணிப் பார்த்துப் பாய்வதற்கு நேரமில்லை. உதைப்பவனின் தோளையும் காலையும் கண்டு முன்னரே உணர்ந்து பாய்தல் வேண்டும். அப்போது கை ஒரு சாண் நீண்டிருப்பது வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட எல்லையாகி விடுகிறது.

ஆறுமுகத்தின் காலம் மலேசியக் காற்பந்தின் பொற்காலம் எனலாம். 1974இல் தெகரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வடகொரியாவை 2-1 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 1977இல் கோலாலம்பூரிலும், 1979இல் ஜகார்த்தாவிலும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. இவ்வெற்றிகளிலெல்லாம் அவருக்குப் பங்குண்டு.

எனினும், உலக அரங்கு ஒன்று எஞ்சி நின்றது. மலேசியக் குழு 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியிருந்தது. பினாங்கைச் சேர்ந்த நமாட் அப்துல்லா, ஷகாருடின் அப்துல்லா சகோதரர்கள் அக்குழுவில் ஆடிய செய்தியைத் தண்ணீர்மலை வட்டாரத்து முதியோர் இன்றும் நினைவுகூரலாம். ஆறுமுகம் நாட்டுக் குழுவிற்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆகவே அவர் அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்தார்.

அவ்வாய்ப்பு 1980இல் வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடைபெற்றது. மெர்டேக்கா அரங்கில் நடந்த முடிவாட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்றது. சந்தோக் சிங்கும் ஜேம்ஸ் வோங்கும் கோல் அடித்தனர். ஆறுமுகம் கோல் காத்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எனப் பல இனத்தவரும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

ஆனால் 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்திருந்தன. அதனைக் கண்டித்து மாஸ்கோ போட்டியை 60க்கும் மேற்பட்ட நாடுகள் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. மலேசியாவின் இடம் ஈராக்கிற்குக் கிடைத்தது. ஈராக் தன் முதல் ஆட்டத்தில் மத்திய அமெரிக்க நாடான கோஸ்தாரிக்காவை 3-0 என வென்று, பின்னர்க் காலிறுதிவரை சென்றது. ஆறுமுகம் நின்றிருக்க வேண்டிய கோலில் வேறொருவர் நின்றார்.

அரங்கு கிடைப்பது ஓர் ஆட்டக்காரருக்கு என்ன செய்யும் என்பதற்கு மத்திய அமெரிக்காவே சான்று தருகிறது. எல் சால்வடோர் என்னும் சிறுநாட்டின் ஹோர்ஹே கொன்சாலஸ், 'மாகிகோ', அஃதாவது மாயக்காரன், என்று போற்றப்பட்டவர். 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவருடைய குழு ஹங்கேரியிடம் 10-1 எனத் தோற்றது. மற்ற இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. ஆயினும் அவரது திறனை உலகம் கண்டது. அவ்வாண்டே ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் சங்கத்தில் சேர்ந்து பெரும்புகழ் பெற்றார். தோல்வியிலும் அவருக்கு ஓர் அரங்கு இருந்தது. ஆறுமுகத்திற்கோ வெற்றி இருந்தது, அரங்கு இல்லை.

1988 டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35. எல் சால்வடோரின் தலைநகரில் ஒரு விளையாட்டரங்கம் 2006 முதல் கொன்சாலஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆறுமுகத்தின் காலத்துக் குழுவை நினைவூட்டும் 'ஓலா போலா' என்னும் திரைப்படம் 2016இல் மலேசியாவில் வெளிவந்தது. அதில் வரும் தமிழ்க் கோல் காவலரின் பெயர் முத்துக்குமார். படம் கண்ட இளைஞர் பலர் அப்பாத்திரத்தை அறிவர். அதன் பின்னே நின்ற மனிதரை அறிந்தவர் அவர்களுள் சிலரே.

போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் எடுத்து, அதில் அவன் பெயரையும் பீடையும் எழுதி வைத்தனர் பண்டைத் தமிழர். பெயரின்றிப் பீடு நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வகுப்பில் நொச்சித் திணைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர், பழங்கால மதிலோடு நின்றுவிட வேண்டுவதில்லை. மாணவர் நாள்தோறும் ஆடும் திடலிலேயே மதிலும் உண்டு, முற்றுகையும் உண்டு. அங்கே ஆறுமுகத்தின் பெயரைச் சொல்லலாம்.