திரும்ப இடம் இருக்கா? மலைகளுக்கு நடுவே விமானம் ஓட்டுவது பற்றி

திருவொற்றியூரில் மலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போனால் நிமிர்ந்து பார்க்க இருப்பது துறைமுகக் கிரேன்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான். இந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ஸ்பார்க்கி இமெசன் எழுதிய ‘மவுண்டன் ஃப்ளையிங் பைபிள்’ எதுக்குன்னு கேட்கலாம். சிறிய விமானம் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு அமெரிக்க பைலட் எழுதிய கையேடு அது. ஆனால் மலையில் பறப்பதற்கான பாடம் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியது. காற்று நமக்குப் பழகின விஷயம்.

முதலில் காற்றின் நேரம். பாய் கட்டிய காலத்தில் காசிமேட்டுக் கட்டுமரங்கள் விடியலுக்கு முன் தரைக்காற்றில் கடலுக்குப் போகும், பகலில் கடல்காற்றில் கரை திரும்பும். வெயில் ஏறினால் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்காற்று வருகிறது. மலையிலும் இதே கணக்குதான். வெயில் பட்ட சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறுகிறது. பிற்பகலில் அது பலமாகி விமானத்தைக் குலுக்கும், மேகமும் கட்டும். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவு வழியே கீழே இறங்கும். அதனால்தான் காலையிலேயே பறந்து முடித்துவிடு என்பது பாலபாடம். கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில் இருக்கும் லே விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையில் போய்வருவதும் இதனால்தான்.

அடுத்தது காற்றின் அடர்த்தி. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் முக்கியம் உயரமானியில் தெரியும் எண் இல்லை, காற்று எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்பது விமானக் கணக்கின் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது எண்ணூர் கடற்கரையே விமானத்துக்கு 3,000 அடி. ஏறக்குறைய பெங்களூர் உயரம்! லேயில் 20 டிகிரி என்றால் அந்த உயரத்துக்கான அளவுகோலைவிட 26 டிகிரி அதிகம். அதாவது, விமானம் கிட்டத்தட்ட 13,800 அடியில் இருப்பது போலத் தடுமாறும். ஓடுபாதை நிறைய தேவைப்படும், மேலே ஏறுவது மந்தமாகும்.

மூன்றாவது, மலைமுகடு. காற்று மோதும் பக்கத்தில் அது மேலே ஏறும், தாண்டியதும் மறுபக்கத்தில் கீழே விழும். அந்த விழும் காற்றின் வேகம் சிறிய விமானத்தின் ஏறும் திறனைவிட அதிகமாக இருக்கலாம். எஞ்சினை முழுசா முடுக்கினாலும் விமானம் இறங்கிக்கிட்டே இருக்கும். அதனால் முகட்டை நேராக அணுகாதே, 45 பாகை சாய்வாக அணுகு என்கிறார்கள். நேராகப் போனால் விலகி வர 180 பாகை திரும்ப வேண்டும். சாய்வாகப் போனால் 90 போதும்.

பள்ளத்தாக்கிலும் இதே யோசனை. நடுவில் போவதுதான் பாதுகாப்பு என்று தோணும். ஆனால் நடுவில் போனால் திரும்பப் பாதி அகலம்தான் கிடைக்கும். ஓரமாகப் போனால் முழு அகலமும் கிடைக்கும். அதோடு, 10,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதே சாய்வில் திரும்பினாலும் வட்டம் மூன்றில் ஒரு பங்கு பெரிசாகும்.

இத்தனை விதிகளும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இப்போ திரும்பணும்னா இடம் இருக்கா?

நம் மாநிலத்திலேயே இந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று பார்த்துவிட்டோம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படையின் மி-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று இறந்தார். எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை என்றது முப்படை விசாரணைக் குழு. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியது, நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது என்பது அதன் முதற்கட்ட முடிவு.

திசையுணர்வு குழம்புவது திறமைக் குறைவு அல்ல. சமநிலையைச் சொல்வது நம் உள்காது. வெளியே அடிவானம் மறைந்துவிட்டால் அது பொய் சொல்லும். சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாக நம்ப வைக்கும். யார் காதானாலும் அப்படித்தான். சமவெளியில் மேகத்துக்குள் போனாலும் கருவிகளைப் பார்த்துச் சமாளிக்க நேரம் கிடைக்கலாம், மலையில் அந்த நேரம் மிகவும் குறைவு.

இமெசன் 2007-ல் மொன்டானா மலையில் விமானம் விழுந்து உயிர் தப்பினார். 2009 மார்ச்சில் அதே மாநிலத்து மலையில் இன்னொரு விபத்தில் இறந்தார். விதிகளைத் தொகுத்து எழுதியவருக்கே மலை சலுகை தரவில்லை. அதற்காக விதிகள் பொய்யாகிவிடாது. ஒரு தடவை படித்து மனப்பாடம் செய்துகொண்டால் தீருகிற விஷயம் அல்ல அது, ஒவ்வொரு வளைவிலும் திரும்பக் கேட்க வேண்டியது. அதுவும் பள்ளத்தாக்கு அகலமாக, வானம் தெளிவாக, திரும்ப வேண்டிய அவசியமே இல்லாதது போலத் தோன்றும்போதே கேட்க வேண்டும். குறுகின பிறகு கேட்டால் பதில் தெரிந்தும் பயனில்லை.