கடிகாரம் கையைக் கடிக்கிறதா? கொக்கியைக் கவனியுங்கள்

பணி ஓய்வின்போது தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிகாரம், தீபாவளிக்கு மகன் வாங்கித் தந்த கடிகாரம் என்று பல வீடுகளில் ஒன்றிரண்டு அலமாரியிலேயே கிடக்கின்றன. கேட்டால், “கையில் நிற்கவில்லை”, “முடியைப் பிடித்து இழுக்கிறது”, “மத்தியானம் ஆனால் இறுக்குகிறது” என்று பதில் வரும். கடிகாரம் நன்றாகத்தான் ஓடும். குறை பெரும்பாலும் மணிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கொக்கியிலும் சங்கிலியின் அளவிலும்தான்.

மணிக்கட்டு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெப்பத்தில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் விரிவதால் கை சற்றுப் பருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கு நண்பகலில் இறுக்கும் அதே சங்கிலி, குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொளதொளவென்று ஆடும். இந்த வேறுபாடு சில மில்லிமீட்டர்தான். ஆனால், பல சங்கிலிகளில் ஒரு முழுக் கண்ணியின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அதனால்தான் ஒரு கண்ணியைக் கழற்றினால் இறுக்கம், மாட்டினால் தளர்வு என்ற தொல்லை. கடையில் இருமுறை கொடுத்தும் சரியாகவில்லை என்று அலுத்துக் கொள்பவர்கள் மாட்டிக் கொள்வது இங்கேதான்.

இதற்கான தீர்வைக் கொக்கியிலேயே வைத்திருக்கிறார்கள். சாதாரண மடிப்புக் கொக்கியின் பக்கவாட்டில் மூன்று, நான்கு சிறு துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றை அழகுக்குப் போட்ட புள்ளிகள் என்று நினைப்பவர்களும் உண்டு. உள்ளே சங்கிலியைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் ஊசியின் முனை அந்தத் துளைகளில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறது. பல்குத்தும் குச்சியாலோ மெல்லிய ஊசியாலோ முனையை உள்ளே அழுத்தி அடுத்த துளைக்கு நகர்த்தினால், கண்ணியைத் தொடாமலேயே சில மில்லிமீட்டர் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்ப்ரிங் தெறித்து ஓடும் என்பதால், ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்துச் செய்வது நல்லது. கேசியோவின் மெல்லிய உலோகச் சங்கிலிகளில் துளைகளுக்குப் பதிலாக நகரும் கொக்கி இருக்கும். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அதன் பூட்டைக் கிளப்பி, வேண்டிய இடத்துக்குத் தள்ளி, மீண்டும் அழுத்தி மூடினால் போதும்.

இரு பக்கமும் சிறகுபோல் விரியும் பட்டர்ஃப்ளை கொக்கி பார்வைக்கு எடுப்பானது. ஆனால், அதில் பெரும்பாலும் இந்த நுண் சரிசெய்தல் கிடையாது. வெயிலில் உழைப்பவர்கள் வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும். ரோலக்ஸ் முக்குளிப்புக் கடிகாரங்களில் கருவியே இல்லாமல் 2 மில்லிமீட்டர் படிகளாக ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வரை நீட்டும் வசதி உண்டு. அந்த விலை எல்லாருக்கும் எட்டாது. பல்குத்தும் குச்சி எட்டும்.

கண்ணியைக் கழற்ற வேண்டியிருந்தால் இரு பக்கமும் சமமாகக் கழற்றுவதே வழக்கம். ஒற்றைப்படையாக வந்தால், 6 மணிப் பக்கத்தில் ஒன்றைக் கூடுதலாக எடுப்பார்கள். அப்போதுதான் கொக்கி மணிக்கட்டின் நடுவில் உட்காரும். சங்கிலியின் உட்புறத்தில் உள்ள அம்புக்குறி, ஊசியை எந்தத் திசையில் தள்ள வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். பின்னாளில் உடம்பு போட்டால், அதே வடிவக் கண்ணியைக் கடைகடையாகத் தேட நேரிடும்.

சரியான அளவுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கொக்கிக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுழைய வேண்டும்; கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால், கடிகாரம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிச் சரியக்கூடாது. இந்தச் சோதனையை மதிய வெயிலுக்குப் பிறகு செய்தால் நம்பலாம்.

இறுக்கமாகக் கட்டினால்தான் பத்திரம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஓடும் உணர்வு நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் ராபர்ட் வார்ட்டன்பெர்க் 1932-இல் விவரித்த ஒரு நோய், இந்த நரம்பு நசுங்குவதால் வருவது. கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகும், எரியும். இறுக்கமான கடிகாரச் சங்கிலியும் கைவிலங்கும் அதற்கு அறியப்பட்ட காரணங்கள். கடிகாரத்தைக் கழற்றிய பிறகும் மரமரப்பு தொடர்ந்தால் கிளினிக்கில் காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. நரம்புக் கோளாற்றைக் கடிகாரத்தின் தலையில் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது.

தளர்வாகக் கட்டுவதும் பத்திரமல்ல. கனமான கடிகாரம் ஆடி ஆடி ஊசிகளைத் தேய்க்கும். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு மேடுபள்ளத்தில் கொக்கி திறந்துகொண்டால், கடிகாரம் சாலையோடு போய்விடும்.

தோல் சிவந்து அரித்தால் காரணம் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான முலாம் பூசிய உலோகங்கள் வியர்வை பட்டு நிக்கலை அதிகம் வெளியிடும். நல்ல துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் உண்டு, ஆனால் எளிதில் கசியாது. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது. சிலருக்கு அரிப்பு உலோகத்தால் வருவதல்ல, கண்ணிகளுக்கிடையே சேர்ந்த வியர்வையும் சோப்பும் அழுக்கும்தான் காரணம். நீர்புகாத கடிகாரம் என்றால், திருகை உள்ளே அழுத்திவிட்டு, பழைய பல் துலக்கியும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரும் கொண்டு தேய்க்கலாம். கொக்கியின் மடிப்புகளைத் திறந்து உள்ளேயும் தேய்க்க வேண்டும். நீர்புகும் கடிகாரமானால் சங்கிலியை மட்டும் கழற்றிக் கழுவ வேண்டும்.

விரல் மூட்டுவலியால் கொக்கியைத் திறக்கவே சிரமப்படும் முதியவர்களுக்கு, இழுத்தால் விரியும் பழைய பாணி ஸ்ப்ரிங் சங்கிலி இன்றும் உதவும். அமெரிக்காவின் ஸ்பைடல் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த வகை அது. கொக்கியே இல்லை, வளையல்போல் மாட்டிக் கொள்ளலாம். முடியைப் பிடித்து இழுக்கும் என்ற குறை மட்டும் அதற்கு உண்டு.

கொக்கி ‘டக்’ என்று மூடாமல் நழுவ ஆரம்பித்தால் தள்ளிப் போடக் கூடாது. தேய்ந்த பிடிப்பைக் கடைக்காரர் லேசாக வளைத்துச் சரிசெய்துவிடுவார். அப்படியே இரு முனைகளிலும் உள்ள ஸ்ப்ரிங் ஊசிகளையும் மாற்றச் சொல்லலாம். கடிகாரத்தைக் கையில் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு சிறு ஊசிகள்தான்.