போட் கீ: சரக்குப் படகுகளின் கரை

சிங்கப்பூரின் வாணிகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த ஆற்றங்கரையில்தான் இறங்கி ஏறியது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசியையும் மிளகையும் சரக்குப் படகுகள் கொண்டுவந்தன. கூலியாட்கள் மூட்டையைத் தோளில் சுமந்து, ஒடுங்கிய பலகையில் கால் பிசகாமல் நடந்து கிடங்கில் சேர்த்தார்கள். தொடக்க காலத்தில் படகோட்டிகளில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். அருகிலுள்ள சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கிறது.

காலப்போக்கில் குப்பையும் எண்ணெயும் சாக்கடையும் கலந்து ஆறு நாறியது. 1977இல் தொடங்கிய துப்புரவுப் பணி பத்தாண்டுகள் நடந்தது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. 1989இல் கரையோரக் கடைவீட்டு வரிசை பாதுகாக்கப்பட்ட பகுதியானது.

பார்க்க வேண்டியவை:

உணவகங்களுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். மாடிச் சன்னல்களும் ஓட்டுக்கூரைகளும் பழைய கடைவீடுகளின் அடையாளங்கள்.

முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் வரும். மாடு, குதிரைகளுக்குத் தடை விதிக்கும் பழைய அறிவிப்பு இன்றும் அங்கே உண்டு. பாலம் தாழ்வானது, நீர் ஏறினால் படகுகள் அடியில் நுழைய முடியாமல் காத்துக்கிடந்தன.

ஆறு தெளிந்தது, படகுத் தொழிலாளரும் தெருவோர வியாபாரிகளும் இடம்பெயர்ந்தார்கள். இந்தக் கரையின் அழகில் அவர்களுக்கும் பங்குண்டு.