பள்ளிச் சுவரிலிருந்து எத்தனை அடி? புகையிலை விற்பனையும் வலயக் கட்டுப்பாடும்

புகையிலைக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நான்கு வழிகளையே குறிப்பிடுவர்: வரியை உயர்த்துதல், உறையின் மீது எச்சரிக்கைப் படம் இடுதல், வாங்குவோரின் வயதை வரையறுத்தல், பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்தல். இந்நான்கும் பொருளையோ அதனை நுகர்வோரையோ நோக்கியவை. ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. அது கடையை நோக்கியது. ஓர் ஊரில் எந்தத் தெருவில், எதற்கு எவ்வளவு தொலைவில், எத்தனை கடைகள் புகையிலை விற்கலாம் என்று வரையறுக்கும் வழி அது. இக்கட்டுரை அவ்வழியின் இயல்பினை, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தையும் இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு விளக்க முற்படுகின்றது.

கலைச்சொல் பற்றி ஒரு சொல். நிலத்தைப் பயன்பாட்டிற்கேற்பப் பகுத்து ஒழுங்குபடுத்தும் முறையை 'மண்டலமாக்கம்' என்றும் 'வலயப்படுத்தல்' என்றும் தமிழில் குறிப்பிடுகின்றனர். நாம் இரண்டாவதையே தேர்ந்துகொள்கிறோம். வலயம் என்பதற்கு வட்டம், வளையல் என்னும் பொருள்கள் உள்ளன. பள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அதற்குள் இன்னது விற்கலாகாது என்று கூறும் சட்டத்திற்கு இச்சொல் மிகவும் பொருந்துகின்றது.

இரு சட்ட வழிகள்

ஒரு நகராட்சி இதனை இரண்டு வகையில் செய்யலாம். முதலாவது, நிலப்பயன்பாட்டு விதியின் வழிச் செய்வது. நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டில் நகர் முழுமைக்குமான வலய விதியை இயற்றியது. இத்தகைய விதிகள் அரசியலமைப்புக்கு உடன்பட்டவையே என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1926ஆம் ஆண்டு யூக்ளிட் வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்விதியின் பார்வையில் கடை என்பது நிலத்தின் ஒரு பயன். விதி வருமுன்னரே இயங்கிய கடை பொதுவாக அப்படியே தொடர விடப்படும். கடைக்காரர் மாறினாலும் அவ்வுரிமை பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே செல்லும். ஆதலின் இவ்வழி புதிய கடைகளைத் தடுக்குமேயன்றிப் பழைய கடைகளை எளிதில் குறைக்காது.

இரண்டாவது, உரிமத்தின் வழிச் செய்வது. உரிமம் நிலத்திற்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. அது காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சிறுவருக்கு விற்றவரிடமிருந்து இடைநிறுத்தப்படக் கூடியது. கடை கைமாறும்போது முடிவுக்கு வரக்கூடியது. சான்டா கிளாரா மாவட்ட நிர்வாகம் 2010ஆம் ஆண்டில் இவ்வழியையே பின்பற்றி, தன் நேரடி ஆட்சிக்குட்பட்ட பகுதியில் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள்ளும் மற்றொரு புகையிலைக் கடையிலிருந்து 500 அடிக்குள்ளும் புதிய உரிமம் இல்லை என்றது. பெயரளவில் உரிம விதியாயினும், உள்ளடக்கத்தில் இது வலய விதியே.

சான்பிரான்சிஸ்கோவின் கணக்கு

சான்பிரான்சிஸ்கோ 2003ஆம் ஆண்டு முதலே புகையிலை விற்போர் உரிமம் பெறவேண்டும் என விதித்திருந்தது. 2008ஆம் ஆண்டு மருந்துக்கடைகளில் புகையிலை விற்பனையைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. மருந்தகத்தைத் தம்முள் கொண்ட பேரங்காடிகளுக்கு மட்டும் அப்போது விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே தன்மையுள்ள கடைகளை வெவ்வேறாக நடத்துவது எவ்வாறு சமநீதியாகும் என்று வால்கிரீன்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு அக்கேள்வியில் நியாயம் இருப்பதை ஏற்றது. அதன்பின் நகரம் தடையைக் கைவிடவில்லை, விலக்கைக் கைவிட்டது.

2014ஆம் ஆண்டின் இறுதியில் நகர மேற்பார்வையாளர் மன்றம் இயற்றி, 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியே நம் கவனத்திற்குரியது. நகரத்தில் 11 மேற்பார்வையாளர் வட்டாரங்கள் உள்ளன. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் 45 உரிமங்களே உச்சவரம்பு என்று அவ்விதி கூறியது. ஆக நகருக்கு 495. அப்போது நடப்பில் இருந்த உரிமங்களை ஏறத்தாழப் பாதியாக்கும் எண்ணிக்கை அது. பள்ளிக்கு 500 அடிக்குள்ளோ வேறொரு புகையிலைக் கடைக்கு 500 அடிக்குள்ளோ புதிய உரிமம் கிடையாது. உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் புதிதாகத் தரப்படமாட்டாது. எவருடைய உரிமமும் பறிக்கப்படவில்லை. கடைகள் மூடப்படும்போதும் விற்கப்படும்போதும் எண்ணிக்கை தானே குறைந்து 45ஐ அடையட்டும் என்று காலத்திடம் விட்டுவிட்டனர்.

தொலைவு வரம்பு இருக்க, வட்டார உச்சவரம்பு எதற்கு என்ற வினா எழலாம். டெண்டர்லாய்ன் போன்ற வறிய, நெருக்கமான பகுதிகளில் புகையிலைக் கடைகள் குவிந்திருந்தன. வசதி மிக்க வட்டாரங்களிலோ அவை ஏற்கெனவே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வை நகரத்து இளையர்களே கடைகளைக் கணக்கெடுத்து வெளிப்படுத்தினர். எல்லா வட்டாரத்திற்கும் ஒரே எண் என்பது, நெருக்கம் மிகுந்த இடத்தில் மிகுதியாகக் குறைக்கவும் அருகிய இடத்தில் பெருகாமல் தடுக்கவும் வல்லது.

எனினும் அக்கடைகளை நடத்தியோர் யார்? அவர்களுள் பலர் புலம்பெயர்ந்து வந்து மூலைக்கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தினர். அரபு அமெரிக்க மளிகைக்காரர் சங்கம் இவ்விதி உருவாகும்போது நகரத்தோடு பேச்சு நடத்தியது இதனாலேயே. அத்தகைய கடைக்காரருக்குக் கடையே ஓய்வுக்காலச் சேமிப்பு. புகையிலை உரிமம் இல்லாத கடைக்கு வாங்குபவர் தரும் விலை குறையும். இவ்விழப்பை மென்மைப்படுத்தவே உரிமம் கைமாறுவதில் சில விலக்குகள் அளிக்கப்பட்டன. அவ்விலக்குகளால் குறைப்பின் வேகம் தணிந்தது உண்மையே. எனினும் அவை இன்றேல் சுமை முழுவதும் ஒரு சாரார் தலையில் விழுந்திருக்கும் என்பதால், அவற்றை நாம் குறையாகக் கருதவில்லை.

இந்நகரத்திற்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1880ஆம் ஆண்டு இதே மேற்பார்வையாளர் மன்றம், மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்துவோர் தன் அனுமதியைப் பெறவேண்டும் என்று விதித்தது. தீப்பாதுகாப்பே நோக்கம் எனப்பட்டது. விண்ணப்பித்த ஏறத்தாழ 200 சீனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது; சீனரல்லாதார் எண்பதின்மர் அளவில் விண்ணப்பிக்க, ஒருவர் தவிர அனைவரும் பெற்றனர். எழுத்தில் நடுநிலையான சட்டமும் நடைமுறையில் பாகுபாடு காட்டினால் செல்லாது என உச்சநீதிமன்றம் 1886ஆம் ஆண்டு யிக் வோ வழக்கில் தீர்ப்பளித்தது. அனுமதி வழங்குவதை அதிகாரியின் விருப்பத்திற்கு விடாமல், அடிக்கணக்கிலும் எண்ணிக்கையிலும் கட்டிவைப்பதன் பயன் இங்கே விளங்கும். அளவுகோலுக்கு ஆளைத் தெரியாது.

வட்டத்தின் பரப்பு

தொலைவு விதிகளை மதிப்பிடுவோர் அடிக்கணக்கை மட்டும் நோக்கி ஏமாறுதல் கூடும். ஒரு புள்ளியைச் சுற்றி 500 அடி ஆரத்தில் வரையும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7.3 ஹெக்டேர். ஆரத்தை 1,000 அடியாக்கினால் பரப்பு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகி 29 ஹெக்டேரைத் தாண்டுகின்றது. பள்ளிகள் நெருங்கிய நகரில் இவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகரையே மூடிவிடும்.

மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து 1,000 அடிக்குள் புகையிலை விளம்பரப் பலகைகளைத் தடைசெய்தபோது இதுவே நிகழ்ந்தது. அவ்விதியை 2001ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. சிகரெட்டைப் பொறுத்தவரை கூட்டரசுச் சட்டம் குறுக்கிட்டது. சுருட்டு முதலியவற்றைப் பொறுத்தவரை பேச்சுரிமை குறுக்கிட்டது. பாஸ்டன், வூஸ்டர், ஸ்பிரிங்பீல்டு ஆகிய நகரங்களின் பரப்பில் 87 முதல் 91 விழுக்காடு வரை தடைக்குள் அடங்கிவிடும் என்பது தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. விளம்பரம் பேச்சு, விற்பனை செயல். இவ்வேறுபாட்டினாலேயே, விளம்பரத்திற்கு ஆகாத அதே தொலைவு விற்பனைக்கு ஆகின்றது. 2009ஆம் ஆண்டின் கூட்டரசுப் புகையிலைச் சட்டமும் விற்பனையை ஒழுங்குபடுத்தும் உள்ளூர் அதிகாரத்தைக் காத்தே நின்றது.

இந்தியாவின் நூறு கஜம்

இந்தியாவில் இது உள்ளூர் விதியன்று, நாடு முழுமைக்குமான சட்டம். சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் (2003) 6ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜ ஆரத்திற்குள் விற்பதையும் தடைசெய்கின்றது. தொலைவு பற்றிய பகுதி 2004 டிசம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் அளவைக்கு மாறிப் பல்லாண்டுகள் கழிந்த நாட்டில் கஜம் ஏன் என்பது தெரியவில்லை. 100 கஜம் என்பது 91.44 மீட்டர்.

தொலைவை எங்கிருந்து அளப்பது என்பதே இத்தகைய சட்டங்களின் உயிர்நிலை. 2004ஆம் ஆண்டு விதிகள் இதனைத் தெளிவாக்கின: கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளியெல்லையிலிருந்து ஆரமாக அளக்க வேண்டும். வாயிலிலிருந்து அளப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பக்கத்திற்கு 100 மீட்டர் கொண்ட சதுரமான பள்ளி வளாகத்தை எண்ணிக்கொள்வோம். வாயிலை மையமாகக் கொண்டால் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2.6 ஹெக்டேர், சுவரிலிருந்து அளந்தால் வளாகம் உட்பட 7.3 ஹெக்டேர் வருகின்றது. பின்புறச் சந்தில் இருக்கும் பெட்டிக்கடையும் இதனால் வலயத்துக்குள் வந்துவிடுகின்றது.

கால வகையிலும் இச்சட்டம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வேறுபடுகின்றது. அங்கே பழைய கடைக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கே முன்னர் வந்தது கடையா பள்ளியா என்ற வினாவுக்கே இடமில்லை. முப்பது ஆண்டுகளாக வெற்றிலை பாக்கும் பீடியும் விற்ற ஒருவரின் கடைக்கு எதிரே அங்கீகாரம் பெற்ற பள்ளியொன்று எழுந்தால், அந்நாள் முதல் அவர் பீடி விற்பது குற்றம். ஆயின் அதற்குரிய தண்டமோ 200 ரூபாய்க்கு மேற்படாது. சட்டத்தின் சொல் கடுமையாகவும் தண்டம் மென்மையாகவும் அமைந்த இம்முரண், ஒழுங்காக நடப்பவரையே வருத்துகின்றது எனலாம்: சட்டத்தை மதிக்கும் கடைக்காரர் வருவாயை இழக்கிறார், மதியாதவர் தண்டத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். சிறுவருக்கு நேரே புகையிலை தருவோர்க்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிப்பதோடு ஒப்பிட்டால் இவ்விடைவெளி மேலும் புலப்படும்.

பெட்டிக்கடையின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. மிட்டாயும் சிகரெட்டும் ஒரே பலகையில் இருப்பதால், பள்ளிப் பிள்ளை எதற்காக அங்கே வந்தாலும் புகையிலையைக் கண்டே திரும்புகிறது. 2017 செப்டம்பரில் இந்திய நலவாழ்வு அமைச்சு மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் இதனை நோக்கியது: உள்ளாட்சி அமைப்புகள் புகையிலை விற்போருக்கு உரிமம் வழங்கலாம், அக்கடைகளில் மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம் போன்றவை விற்கப்படலாகாது என்று அது அறிவுறுத்தியது. தொலைவு வலயத்தோடு கடைக்குள்ளேயே ஒரு வலயத்தை உண்டாக்கும் முயற்சி இது. பலவகைச் சிறு பொருள்களால் மட்டுமே பிழைக்கும் கடைக்கு இஃது எளிதன்று.

நம் வட்டாரத்தில்

மலேசியாவும் சிங்கப்பூரும் தொலைவை வேறுவகையில் கையாண்டுள்ளன. மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களிலிருந்து 3 மீட்டருக்குள்ளும், சிங்கப்பூரில் கட்டட நுழைவாயில், பேருந்து நிறுத்தம் முதலியவற்றிலிருந்து 5 மீட்டருக்குள்ளும் புகைத்தலாகாது என்பவை நாம் அன்றாடம் காணும் அளவுகள். இவை புகைப்பவரின் நிற்குமிடத்தை வரையறுப்பவை. கடையின் இடத்தை அல்ல. சிங்கப்பூரில் கடைதோறும் உரிமம் வேண்டும். 2017 ஆகஸ்டு முதல் பொருள்களைக் கண்ணிற்படாதவாறு வைக்கவேண்டும். 2021 ஜனவரி முதல் வாங்குவோர்க்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது.

கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முயன்ற நாடுகளுள் நியூசிலாந்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. ஏறத்தாழ 6,000 கடைகளை 600ஆகக் குறைக்க 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஆட்சி மாறியபின் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அக்குறைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே நீக்கப்பட்டது. இந்தியாவிலோ 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட புகையிலையற்ற கல்வி நிறுவன நெறிமுறைகள், 100 கஜ எல்லையைத் தரையிலேயே குறித்துக் காட்டுமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டன. விற்பனைத் தடையைக் கூறும் பலகையை வளாகத்திற்கு வெளியே வைக்கும் கடமையும் நிறுவனத் தலைவருடையதே. அக்கோட்டை வரைந்து, அதற்குள்ளிருக்கும் கடைக்காரரோடு முதலில் பேசவேண்டியவர் பெரும்பாலும் காவலரல்லர், தலைமையாசிரியர்.