பிரஷர் பாட்டில் காற்று கசிகிறதா? வாங்க, டீபக் பண்ணலாம்

(ஆடியோவில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

ரெசின் வார்ப்பு செய்றவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ராத்திரி 40 பி.எஸ்.ஐ. ஏத்தி வச்சா காலையில முள்ளு 15-ல நிக்குது. எங்க கசியுதுன்னே தெரியல." இன்னைக்கு எபிசோட் முழுக்க இதைப் பத்திதான்.

கசிவு ஏன் பிரச்சனை?

ரெசினையும் ஹார்ட்னரையும் கலக்கும்போது காற்று உள்ளே மாட்டிக்கும். பிரஷர் பாட் அந்தக் குமிழியை வெளியே எடுக்காது, நசுக்கும். கேஜ் 40 காட்டும்போது, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து உள்ளே மொத்தம் 54.7 பி.எஸ்.ஐ. இருக்கு. பாயில் விதிப்படி குமிழியின் கன அளவு கிட்டத்தட்ட கால் பங்காகிடும். ஆனா விட்டம் மூணுல ஒரு பங்குதான் குறையும். அழுத்தம் கூடினா காற்று ரெசினுக்குள்ளேயே கொஞ்சம் கரையும், அதுவும் நமக்கு உதவுது. ரெசின் இறுகுறதுக்கு முன்னாடி அழுத்தம் இறங்கினா இந்த ரெண்டும் தலைகீழாகும். குமிழி திரும்ப வந்து நிக்கும்.

அப்போ எவ்வளவு கசிவு வரை பரவாயில்லை? அது உங்க ரெசினைப் பொறுத்தது. அரை மணி நேரத்துல கெட்டியாகிற பாலியூரித்தேன்னா, மணிக்கு 2 பி.எஸ்.ஐ. இறங்குறது பெரிய விஷயமே இல்லை. 24 மணி நேரம் எடுக்கிற எபாக்ஸிக்கு அதே கசிவு அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே கொண்டு போயிடும். "கம்ப்ரஸரை மாட்டியே வச்சிடலாமே?" வைக்கலாம். ஆனா கசிவு மறையுமே தவிர சரியாகாது. நடுராத்திரி கரண்ட் போனா அன்னைக்கு ஊத்தின ரெசின் மொத்தமும் வீண்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

10 அங்குல மூடி ஒண்ணை எடுத்துக்கோங்க. பரப்பளவு சுமார் 78 சதுர அங்குலம். 40 பி.எஸ்.ஐ.-யில அந்த மூடியைத் தள்ளுற விசை சுமார் 1,400 கிலோ எடைக்குச் சமம். அதனால உள்ளே காற்று இருக்கும்போது எந்த போல்ட்டையும் ஃபிட்டிங்கையும் ஸ்பேனரால தொடாதீங்க. காற்றை முழுசா இறக்கி, முள்ளு பூஜ்யத்துக்கு வந்ததும் திருகுங்க. பாட் மேல எழுதியிருக்கிற அளவைத் தாண்டி ஒருபோதும் ஏத்தாதீங்க. சோதனை பண்ணும்போது கண்ணாடி போட்டுக்கோங்க.

பாதியா பிரிச்சுத் தேடுங்க

கோட்ல பக் தேடுற மாதிரிதான் இதுவும். எல்லா இடத்திலும் டேப் சுத்திட்டு வேண்டிக்கக் கூடாது. முதல்ல பிரச்சனை எந்தப் பக்கம்னு தெரியணும்.

காலி பாட்டில் காற்றை ஏத்தி, பால் வால்வை மூடி, ஹோஸைக் கழட்டிடுங்க. முதல் 15 நிமிஷம் முள்ளு கொஞ்சம் இறங்கினா பதறாதீங்க. வேகமா ஏத்தின காற்று சூடாகும், அப்புறம் ஆறும்போது அழுத்தம் குறையும். அது கசிவு இல்லை. அதுக்கப்புறம் கேஜை நேரத்தோட ஒரு ஃபோட்டோ எடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு.

முள்ளு அசையலைன்னா பாட் நல்லாதான் இருக்கு. ஹோஸ், ரெகுலேட்டர், கனெக்டர் பக்கம் பாருங்க. இறங்கியிருந்தா கசிவு பாட்டிலதான்.

இப்போ பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தண்ணியில கலந்து பிரஷ்ல தடவுங்க. இதுக்கு 10, 15 பி.எஸ்.ஐ. போதும். மூடியைச் சுத்தி, ஒவ்வொரு த்ரெட், கேஜ் அடிப்பகுதி, ரிலீஃப் வால்வு, மூடின பால் வால்வோட திறந்த வாய் வரைக்கும் விடாதீங்க. பெரிய கசிவு உடனே குமிழி விடும். சின்னது வெள்ளை நுரையா மெதுவா சேரும், ஒரு நிமிஷமாவது காத்திருங்க.

எங்க கசியுதோ, அதுக்கேத்த வைத்தியம்

மூடின்னா: வீட்டு குக்கர் கேஸ்கெட் மாதிரிதான். காய்ஞ்ச ரெசின் துளி ஒண்ணு ஒட்டியிருந்தாலே போதும், காற்று வழி கண்டுபிடிச்சிடும். சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க. வெடிப்போ வெட்டோ இருந்தா மாத்துங்க. போல்ட்டுகளை வரிசையா இறுக்காம, எதிரெதிரா, ரெண்டு மூணு சுற்றா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

த்ரெட்னா: கழட்டி, பழைய டேப்பைச் சுரண்டிட்டு, டெஃப்லான் டேப்பைத் திருகு இறுகுற திசையிலேயே மூணு நாலு சுற்று சுத்துங்க. முதல் த்ரெட்டை மட்டும் விட்டுடுங்க. ஒரு முக்கியமான விஷயம்: இறக்குமதி பாட்கள் நிறைய என்.பி.டி. த்ரெட்ல வருது, நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில கிடைக்கிறது பெரும்பாலும் பி.எஸ்.பி. கால் அங்குலத்துல என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 18 புரி, பி.எஸ்.பி.க்கு 19. கோணமும் வேற: ஒண்ணு 60 டிகிரி, இன்னொண்ணு 55. ரெண்டு சுற்று ஏறும், அப்புறம் மாட்டிக்கும். எவ்வளவு டேப் சுத்தினாலும் இது நம்பகமா அடையாது. சரியான ஃபிட்டிங் வாங்குறதுதான் வழி.

பெயின்ட் அடிக்கிற டேங்கை மாத்திப் பயன்படுத்துறீங்கன்னா, பெயின்ட் வெளியே வர்ற பழைய துளையை முறையான மெட்டல் பிளக் போட்டு அடைச்சிருக்கான்னு பாருங்க.

ரிலீஃப் வால்வுன்னா: அது திறக்க வேண்டிய அளவுக்கு முன்னாடியே கசிஞ்சா, பாட்டோட அளவுக்கேத்த புது வால்வு போடுங்க. துளையை அடைக்கிற யோசனையே வேண்டாம். குக்கர் சேஃப்டி வால்வை எம்-சீல் வச்சு அடைச்சிட்டு யாராவது அடுப்புல ஏத்துவாங்களா?

பாட் உடம்புலயோ வெல்டிங்லயோ குமிழி வந்தா: அதோட முடிஞ்சுது. எபாக்ஸி பூசறது, ஒட்டுப் போடுறது எதுவும் வேண்டாம். கசியுற வெல்டிங், நாளைக்குப் பிளக்கப் போற இடம் எதுன்னு இன்னைக்கே காட்டிக் கொடுக்குது. உடனே காற்றை இறக்கி, பாட்டை ஒதுக்கிடுங்க. ஆயிரக்கணக்குல பணம் போகும்தான். மத்த எல்லா கசிவுலயும் கெட்டுப் போறது வார்ப்பு மட்டும்தான். இதுல ஆபத்து பக்கத்துல நிக்கிற ஆளுக்கு.

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. பண்ணினதும் அதே ஒரு மணி நேரச் சோதனையைத் திரும்ப ஓட்டுங்க. முள்ளு நின்ன பிறகு ரெசினைக் கலங்க. அடுத்த எபிசோட்ல, சிலிக்கான் அச்சுக்குள்ளேயே குமிழி இருந்தா பிரஷர்ல வார்ப்பு மேல ஏன் புடைப்பு புடைப்பா வருதுன்னு பார்ப்போம்.