பஞ்சமம் இல்லாத வசந்தம்

பங்குனிக் கடைசியில் வேம்பு பூக்கும்போது குயிலின் குரலும் ஓங்கிவிடுகிறது. படிப்படியாகச் சுருதி ஏற்றிக் கூவுவது ஆண் குயில்தான். பெண் குயிலிடமிருந்து வருவது 'கிக் கிக்' என்ற வெட்டொலி. ஏழு ஸ்வரங்களையும் ஏழு உயிர்களின் குரலோடு பொருத்திச் சொன்ன பழைய இசை நூல்கள், வசந்த காலத்துக் குயிலுக்குப் பஞ்சமத்தைக் கொடுத்தன. ஆனால் அந்தப் பருவத்தின் பெயரையே தாங்கிய வசந்தா ராகத்தில், இன்று பாடப்படும் வடிவில், பஞ்சமமே கிடையாது.

வசந்தா, 17-ஆவது மேளமான சூரியகாந்தத்தில் பிறந்த ராகம். ஏறும்போது ஸ-ம-க-ம-த-நி-ஸ, இறங்கும்போது ஸ-நி-த-ம-க-ரி-ஸ. ரிஷபம் இறக்கத்தில் மட்டும் வரும். மத்யமத்திலிருந்து நேரே தைவதத்துக்குத் தாவும் அந்த இடத்தில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. பின்னால் தம்பூரா பஞ்சமத்தை ஒலித்தபடியே இருக்கும். பாடகரோ அதைத் தொடாமல் கடந்து கடந்து போவார். கேட்பவர் மனம் அந்த ஸ்வரத்தை எதிர்பார்க்கும், அது வராது. மாலை நேரத்து ராகம் என்பது மரபு. வெயில் தாழ்ந்து காற்று திரும்பும் நேரத்தில் கேட்டால் அந்த மரபின் நியாயம் புரியும்.

புதிதாகக் கேட்பவர்கள் தச்சூர் சிங்காராசார்யுலுவின் ஆதி தாள வர்ணத்திலிருந்து தொடங்குவது நல்லது. ராகத்தின் முழு உருவமும் சில நிமிடங்களில் கண்முன் வந்துவிடும். அடுத்து தியாகராஜரின் 'சீதம்ம மாயம்ம', கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நடனம் ஆடினார்'. முன்னது சீதையும் ராமனும் தாய் தந்தையர் என்று உருகுகிறது. பின்னது தில்லைக் கூத்தனைப் பாடுகிறது. இரண்டிலும் பருவம் பாடுபொருள் அல்ல. வசந்தம் ராகத்தில் மட்டுமே இருக்கிறது. திரையிசையிலும் இதே கதைதான். 'ராஜபார்வை' (1981) படத்துக்காக இளையராஜா இந்த ராகத்தில் அமைத்த 'அந்தி மழை' ஒரு மழைப் பாட்டு. அதே ராகத்தில் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த 'மின்சாரக் கண்ணா', 'படையப்பா'வில் (1999) ஒரு கர்வக்காரியின் நடனமாகிறது. மாறாக, பெயரிலேயே வசந்தத்தை வைத்திருக்கும் 'வசந்த முல்லை போலே' (சாரங்கதாரா, 1958) சாருகேசியில் அமைந்தது.

வடக்கே இந்தப் பருவத்துக்குப் பசந்த், பஹார் என இரண்டு ராகங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பசந்த் நம் வசந்தா அல்ல. பூர்வி தாட்டைச் சேர்ந்த அது மேல் ஸட்ஜத்தைச் சுற்றிச் சுழல்வது. 'பசந்த் பஹார்' (1956) படத்தில் பண்டித பீம்சேன் ஜோஷியும் மன்னா டேயும் சேர்ந்து பாடிய போட்டிப் பாட்டு அதற்கு நல்ல நுழைவாயில். கதைப்படி வெல்ல வேண்டியவர் மன்னா டே. பீம்சேன் எதிரே அமர்ந்து பாடுவதை நினைத்து அவர் நடுங்கியது சங்கீத உலகம் அறிந்த செய்தி. ஐரோப்பாவில் விவால்டி வேறு வழியில் போனார். 1725-இல் அச்சான அவருடைய 'நான்கு பருவங்கள்' வரிசையில் வசந்தத்தின் முதல் பகுதியில் வயலின்கள் பறவைகளாகவே கூவுகின்றன. இரண்டாம் பகுதியில் வயோலா நாயாகக் குரைக்கிறது.

பார்ப்பதற்கு இளவேனிலில் காவிரிக் கரையை மிஞ்சிய இடமில்லை. சித்திரை விசாகத்தை ஒட்டி நடக்கும் திருவையாற்று ஏழூர் விழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் எல்லாம் சுற்றித் திரும்புகிறது. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும் மல்லாரியைத் தெருவில் நின்று கேட்க வேண்டும். கம்பீர நாட்டையில் அமைந்த, சாகித்யமே இல்லாத இசை அது. அரங்கத்துக்குள் அதன் பாதி வீரியம் போய்விடும்.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ, பாகவத மேளா நடக்கிறது. தியாகராஜர் காலத்தவரான மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாட்டிய நாடகங்கள் இவை. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவார்கள். கோணங்கி குதித்துக் குதித்து ஆடி முடித்ததும், பிள்ளையார் முகமூடியோடு ஒரு சிறுவன் வருவான். அதன் பிறகே கதை. ஜயந்தி இரவுக்கு உரியது 'பிரகலாத சரித்திரம்'. அன்று அணியும் நரசிம்ம முகமூடி கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது. அதை அணிபவர் பகல் முழுக்க விரதம் இருப்பார். தூண் பிளக்கும் கட்டத்தில் மேடையில் நடப்பது நடிப்பு என்பதே அங்கிருப்பவர்களுக்கு மறந்துபோகும். இரவெல்லாம் கண் விழிக்கத்தான் வேண்டும். விழிப்புக்கு ஈடான காட்சி.

படிக்க எடுத்தால் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' முதலில் வரும். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த அந்நூலில், மாயூரத்தில் மாணவராக இருந்தபோது கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றதையும், தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று அறிந்து விட்டுவிட்டதையும் ஐயர் சொல்கிறார். இருபெரும் ஆசிரியர்களுக்கு நடுவே ஒரு பையன் தவித்த பக்கங்கள் அவை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளைப் பலர் காதல் கதையாகவே படித்து முடித்துவிடுகிறார்கள். ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுக் கற்கும் அத்தியாயங்களுக்காக இன்னொரு முறை படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை இருக்கிறது. நூறு அடிகளைச் சற்றே தாண்டும் பகுதி. நல்ல உரை கையில் இருந்தால் ஒரு மாலையில் படித்துவிடலாம். இளவேனில் வந்துவிட்டதைத் தென்றல் தூதனாக வந்து சொல்ல, சோலைக் குயில் மன்மதனின் படைவீரனாக நின்று அதை அறிவிக்கிறது. கோவலன் பிரிந்துபோன மாதவி யாழை எடுக்கிறாள். பதினான்கு நரம்புகளையும் கட்டி, இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவைச் சோதித்து, குரலையும் இளியையும் வைத்துக் கேட்டுப் பார்க்கிறாள். குரல் என்பது ஸட்ஜம், இளி என்பது பஞ்சமம். பாடத் தொடங்கியவளுக்குப் பாட்டு குலைகிறது. தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டு, பிச்சி மொட்டையே எழுத்தாணியாக்கிக் கடிதம் எழுதி அனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுத்துவிடுகிறான். அந்த மடலைக் கொண்டுபோய்த் திரும்பி வந்த தோழியின் பெயர் வசந்தமாலை.