அரக்கில் தங்கிய சிரிப்பு

ஆடி மாதம் பிறந்ததும், இராயபுரத்திலிருந்து திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு செல்லும் தெருக்களில், அம்மனுக்குக் கூழ் வார்க்கும் வைபவத்திற்காக வேப்பிலைத் தோரணமும் சீரியல் விளக்கும் ஏறுவதற்கு முன்னமே, மைக் செட்காரர் வந்து கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். காலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலித்து ஓய்ந்து, கூழ் குடித்த கூட்டமும் கலைந்த பிற்பகல் வேளையில், இந்தப் பகுதியில் நெடுங்காலம் நடந்து வந்த ஒரு காரியம் உண்டு. தெருப் பையன்களில் ஒருவன் ஆம்ப்ளிபயர் மேஜையருகே போய், "யண்ணே, அந்தத் தருமி பிளேட்டப் போடுண்ணே" என்பான், அவரும் போடுவார். சிவாஜி கணேசனும் நாகேஷும் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்ளும் 'திருவிளையாடல்' சம்பாஷணை கிளம்பியவுடன், திண்ணையில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்காருவார். மீன் விற்றுத் திரும்பிய அம்மாள், நாகேஷ் சொல்வதற்கு ஒரு கணம் முந்தித் தானே சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். மனப்பாடமாகிவிட்ட ஹாஸ்யம் எப்படி மறுபடியும் மறுபடியும் சிரிப்பூட்டுகிறது என்பது, சிந்திக்கச் சிந்திக்க எனக்கு ஆச்சரியம் தரும் விஷயம்.

நகைச்சுவையை ஒலிப்பதிவாக வைத்துக் கொண்டாடும் வழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பாரி ஹம்ப்ரீஸ் என்ற நடிகர், மெல்போர்ன் நகரத்துப் புறநகர்க் குடும்பஸ்திரீ ஒருத்தியின் குரலைத் தாமே பேசி, 1958-இல் ஒரு சிறு இசைத்தட்டாக வெளியிட்டார். எட்னா என்ற அந்தப் பாத்திரம் பின்னர் அவரை உலகப் பிரசித்தராக்கிற்று. அதே தேசத்தில் 1984-இல் பில்லி பர்மிங்காம் என்பவர், ரிச்சி பெனோ முதலான கிரிக்கெட் வர்ணனையாளர்களின் குரல்களைத் தாம் ஒருவராகவே பேசி, 'பன்னிரண்டாம் ஆள்' என்ற பெயரில் வெளியிட்ட தட்டு அமோகமாக விற்று, அதன் தொடர்ச்சிகள் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. அங்கெல்லாம் துணுக்கு நாடகம் தனியாகப் பிறந்து, தனியாகவே தட்டில் ஏறியது. நம்முடைய வரலாறு வேறு. நம் நாடகக் கொட்டகையில் பபூன் என்று ஒருவர் உண்டு. மூலக் கதையோடு பெரிய சம்பந்தமில்லாமல், இடையிடையே வந்து தம் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டுப் போவார். சினிமா பிறந்தபோது அந்தப் பபூன் அப்படியே திரைக்குள் குடிபுகுந்தார். கதாநாயகன் ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, மற்றொரு பக்கம் தனிக் கதையாக ஓடும் நகைச்சுவைப் பகுதி தமிழ்ப் படத்தின் பிரத்தியேக லட்சணமாயிற்று. படத்தோடு பிணைந்து கிடந்த அந்தத் துணுக்குகளை வெட்டியெடுத்து, அவற்றுக்குத் தனி ஆயுளை அளித்த உபகாரம் ஒலித்தட்டைச் சேர்ந்தது.

அந்தத் தட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு, அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்துகளைக் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யப்பட்டது. 1908 முதல் கல்கத்தாவின் சியால்டாவிலும், பிற்பாடு அதை அடுத்த டம்டமிலும் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை இவற்றை அச்சிட்டு வந்தது. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் சகாக்களோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை விற்றதோடு நில்லாமல், முழு நாடகங்களையே பல தட்டுகள் கொண்ட செட்டுகளாகப் பதிவு செய்வித்து வெளியிட்டது. ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிஷம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். அதற்குள் ஆள் யாரென்று தெரியவேண்டும், வம்பு மூளவேண்டும், சிரிப்பு வெடிக்கவேண்டும், ஊசி மையத்தை அடையுமுன் விஷயம் முடியவும் வேண்டும். முகபாவமும் சேஷ்டையும் கைகொடுக்க வழியில்லை. குரலின் ஏற்றத்தாழ்வு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் அவகாசம் இவை இரண்டை மட்டும் முதலாக வைத்துப் பிழைக்கவேண்டிய நிர்ப்பந்தம் அது. அந்த நிர்ப்பந்தத்தினாலேயே நம் ஹாஸ்ய நடிகர்களின் பேச்சு இறுகித் தெளிந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த வித்தையில் தலைசிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டின் ஊரில் வளர்ந்தவராகையால், பேச்சையும் பாட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவே தெரியாத குரல் அவருடையது. டி.ஏ. மதுரத்தோடு அவர் நடத்திய தர்க்கங்களில், அம்மையார் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவதும், இவர் அதைப் பிடித்துத் திருப்புவதும், தாளம் தவறாத ஜதிபோல நடக்கும். அண்ணாதுரை எழுதி 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து உயர்வதைச் சொல்கிறது. பாகவதரின் இழுப்பும், பின்பாட்டுக்காரரின் ஆமோதிப்பும், பள்ளிக்கூட வாத்தியாரின் அதட்டலும் ஒரே மனிதரின் கதாப்பிரசங்கத்துக்குள் அடங்கியிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரத்தில், அதே 1949-இன் செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய வட்டாரத்தில், உழைப்பாளி மக்கள் அந்தக் காலட்சேபத்தைத் தங்கள் சொந்த விஷயமாகவே கேட்டார்கள் என்பதில் வியப்பில்லை. அவர்கள் பிள்ளைகளும் அப்போதுதான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

படத்திலிருந்து பாட்டைத்தான் தட்டில் போடலாம் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது 1952-இல் வந்த 'பராசக்தி'. வசனமே தனியாகத் தட்டுகளில் வெளிவந்த முதல் தமிழ்ப் படம் அது என்பார்கள். அந்தப் படத்தின் நீதிமன்றப் பேச்சைக் கேட்டுக் கற்ற செவிகள், அடுத்து நகைச்சுவை வசனத்துக்கும் தயாராயின. 1965-இன் 'திருவிளையாடல்' அந்தத் தயாரிப்பின் கனி. ஏ.பி. நாகராஜன் எழுதிய தருமிப் பகுதியைப் பாருங்கள்: ஒருவன் வறுமைப்பட்ட புலவன், மற்றவன் புலவன் வேஷத்திலிருக்கும் கடவுள், ஒரு குரல் மேலே பறக்கிறது, மற்றொன்று நிலத்தில் ஊன்றி நிற்கிறது. ஆயிரம் பொன் கிடைக்கப்போகிற ஆசையும், கையாலாகாத்தனமும், கிடைத்த கவியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் சபலமும் நாகேஷின் குரல் ஒன்றிலேயே மாறி மாறி நடுங்குகின்றன. மண்டபத்தில் தருமி தனக்குத் தானே புலம்பும் இடத்தை நாகேஷ் தாமாகவே கற்பித்துக்கொண்டு செய்தார். நாயகரான தம்மையே விஞ்சிவிட்ட அந்தக் காட்சியைப் பார்த்த சிவாஜி, அதில் ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று இயக்குநரிடம் கேட்டுக்கொண்டதை நாகேஷே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மை இல்லாதிருந்தால், கோயில் திருவிழாக்களில் இன்றளவும் ஒலிக்கும் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திராது. சிவாஜியை நான் மதிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதன் பிறகு வந்த சாதனங்களை விரைவாகச் சொல்லலாம். வானொலி, ஞாயிறுதோறும் ஒரு முழுப் படத்தைச் சுருக்கி ஒலிச்சித்திரமாக ஒலிபரப்பியது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி வந்தது. அங்கே பிரபலமான 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர், 1976-இல் 'கோமாளிகள்' என்று படமாகவே எடுக்கப்பட்டது. பின்பு கேசட். பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே விரித்த பர்மா பஜார் கடைகளில் டேப் ரிக்கார்டர் மலிந்தபோது, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் வீட்டிலும் அது ஏறியது. மயிலாப்பூர் சபாக்களில் டிக்கெட் வாங்கி அமர வாய்ப்பில்லாதவர்கள், எஸ்.வி. சேகரின் 'காட்டுல மழை'யையும் 'மகாபாரதத்தில் மங்காத்தா'வையும் கேசட்டில்தான் கேட்டார்கள். சபா நாடகக் கேசட்டில், மேடைக்கு எதிரே உட்கார்ந்தவர்களின் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. படத்தின் வசனத் தட்டில் அது கிடையாது. சிரிப்பைக் கேட்பவர்தான் கொண்டுவரவேண்டும். ஆகையினாலேயே தருமியைத் தெருவோடு கூடிக் கேட்டார்கள். நாடகக் கேசட்டை ஒருவர் தனியாக உட்கார்ந்தும் கேட்க முடிந்தது.

தொழிற்சாலைகளின் விஷயத்தை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் எழுந்தது. 1955-இல் என்பீல்டு வந்தது. விம்கோ தீப்பெட்டி, உராய்வுக் கல், ரப்பர் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுவதும் ஷிப்டு சங்கின் ஆதிக்கத்தில் இருந்தது. எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நின்றவனுக்கு, வெளியே வந்ததும் மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. கேட் எதிரிலுள்ள தேநீர்க் கடைகளில், ஒருவர் தங்கவேலுவின் 'கல்யாணப் பரிசு' வசனத்தைத் தொடங்க, மற்றவர் எம். சரோஜாவின் பதிலை எடுக்க, பாதிப் பேர் அந்த 1959-ஆம் வருஷத்துப் படத்தைப் பார்த்தே இராதவர்களாயினும், காட்சி முழுவதும் நடந்தேறுவதைக் கேட்டிருக்கிறேன். வேலை இல்லாமலே வேலைக்குப் போவதாக மனைவியிடம் சாதிக்கும் அந்தப் பேர்வழியின் 'மன்னார் அண்டு கம்பெனி', வேலை நீக்கமும் கதவடைப்பும் அறிந்த இந்த வட்டாரத்தில், சிரித்துக்கொண்டே உச்சரிக்கப்படும் துக்கப் பெயராகவும் இருக்கிறது. கேட்ட ஹாஸ்யத்தை மறுபடி கேட்பதில் உள்ள சுகம், கச்சேரியில் அறிந்த கீர்த்தனத்தை மறுபடி கேட்கும் சுகத்துக்கு இணையானது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருப்பதால் மனம் கதையை விட்டுவிட்டுக் குரலின் நடையில் லயிக்கிறது. வியப்பில் பிறந்த சிரிப்பு ஒரு தடவையோடு முடிந்துவிடும். நடையில் பிறந்த சிரிப்புக்கு அந்த வரம்பு இல்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பதிவுகள் வடசென்னைக்கு அருமையானவை. இங்கே வழங்கும் பேச்சு, தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் தமிழோடு கலந்து, துறைமுகக் கூலிகளின் நாவில் திரண்ட பேச்சு. பாடப்புத்தகமும் செய்தித்தாளும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதை அச்சுக்கும் முந்திக் காப்பாற்றியவர்கள் ஹாஸ்ய நடிகர்கள். தூத்துக்குடிக்காரரான சந்திரபாபு 1958-இன் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரனாக அதைப் பேசினார். 1968-இன் 'பொம்மலாட்ட'த்தில் மனோரமா அதிலேயே பாடினார். 1972-இல் 'காசேதான் கடவுளடா'வில் தேநீர்க் கடைக்கார அப்பாசாமியாகிய தேங்காய் சீனிவாசன், சாமியார் வேஷம் போட்டுக்கொண்டும் அதைவிட்டு விலகமாட்டாமல் தத்தளித்தார். அந்தப் பேச்சைப் பரிகாசத்துக்காகவே கையாண்டார்கள் என்ற குறை சொல்வதற்கு இடமுண்டு; நானும் சில படங்களைக் கேட்டு வருந்தியதுண்டு. ஆனால் இந்த மூவரிடமும் அந்தப் பேச்சைப் பேசுகிறவனே சபையில் கெட்டிக்காரனாக நிற்கிறான். அன்றைய நாவின் வேகத்தை, இழுப்பை, வைதுகொண்டே கொஞ்சும் சுருதியை அறிய விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஒலிகளைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

ஆரம்ப காலத்துத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் அழிந்துபோயின. சிலவற்றுக்கு மிஞ்சியிருப்பது தட்டுகளில் தங்கிய ஒலிதான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது பழைய தட்டுகள் கைமாறும் முக்கியமான இடமும் போயிற்று. இப்போது எஞ்சியவை பரணிலும், தொழிலை விட்ட மைக் செட்காரர்களின் மரப்பெட்டியிலும் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் அரக்குத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வைக்கவேண்டும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைக்கவே கூடாது, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். கணினிக்கு மாற்றுவதானால் கேசட்டிலிருந்து தொடங்குங்கள். காந்தப் பூச்சு உதிரும் நாடா, உடையாமல் காக்கப்பட்ட அரக்குத் தட்டைவிட வெகு சீக்கிரம் ஊமையாகிவிடும்.